கண்டல் நட்டுப் படம் எடுக்கும் சங்கங்களால் ஊருக்கு என்ன பயன்?

9 பெப்ரவரி 2025 – கேள்வி

எங்கள் ஊர் திருகோணமலை மாவட்டத்தில் மூதூருக்குக் கிட்ட, கொட்டியாரக் குடாவை ஒட்டி. பெடியள் சேர்ந்து சுற்றாடல் சங்கம் ஒன்று தொடங்கப் போகிறார்களாம். என்னைச் செயலாளராக இருக்கச் சொல்லி விடாமல் நிற்கிறார்கள். எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை. சுனாமிக்குப் பிறகு இங்கே கரைச் சேற்றில் நட்ட கண்டல் மரங்களில் கண்ணுக்குத் தெரிய ஒன்றும் மிஞ்சவில்லை. கடற்கரையைச் சுத்தம் செய்ய வருகிறவர்கள் ஒரே நிறத்தில் ரீசேட் போட்டு, படம் எடுத்து, ரோல்ஸ் சாப்பிட்டுப் பிளேன்ரீ குடித்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த கிழமை குப்பை பழையபடி. இதெல்லாம் படத்துக்குத்தானே? உள்ளே இருக்கிறவர்கள் யாராவது ஒளிக்காமல் சொல்லுங்கள்.

10 பெப்ரவரி

பாதி சரி. தம்பலகாமக் குடாப் பக்கம் எங்கள் ஊரிலும் இப்படி ஒரு சங்கம் இருக்கிறது. நான் அதன் பொருளாளர். கணக்குக் கொப்பியை வேறு யாரும் கையில் வாங்க மாட்டேன் என்பதால் இன்னும் பொருளாளர்.

கண்டல் விஷயத்தில் நீங்கள் கண்டது உண்மை. இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களுக்குப் போய்ப் பார்த்து எழுதிய ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. நட்டதாகக் கணக்குக் காட்டிய 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில், தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை.

ஏன் சாகிறது என்றால், நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றர்கூட வராது. அதனால் கண்டல் பிடிக்கக்கூடிய பட்டை மிக ஒடுக்கம். அதற்கு மேலே நட்டால் காய்ந்துவிடும், கீழே நட்டால் எந்நேரமும் தண்ணீருக்குள் நின்று அழுகிவிடும். வெறும் சேறாகக் கிடக்கிற இடத்தைக் கண்டதும் இங்கே நடலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். பக்கத்திலேயே தாய்மரம் நின்று வருஷா வருஷம் விதை கொட்டியும் அங்கே ஏன் ஒன்றும் முளைக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. போதாததற்கு, நடுவது ஒரே இனம். அந்த இனத்தின் காய் மரத்திலேயே முளைவிட்டு, பென்சில் நீளத்துக்கும் மேலே வளர்ந்து தொங்கும். பொறுக்குவதும் சுலபம், சேற்றில் குத்துவதும் சுலபம், நேர்வரிசையில் குத்தினால் படமும் நன்றாக வரும்.

மற்றப் பாதியைப் பிறகு எழுதுகிறேன், கரண்ட் போகப் போகிறது.

10 பெப்ரவரி, இரவு

ஒன்று மட்டும். பெடியளைக் கூட்டிக்கொண்டு கண்டலுக்குள் இறங்குவதென்றால் முதலில் தில்லை மரத்தை அடையாளம் காட்டுங்கள். கொப்பை முறித்தால் வரும் பால் கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். கையுறை போட்டிருக்கிறேன் என்று அதே கையால் முகத்தைத் துடைப்பவர்கள் எல்லாக் கூட்டத்திலும் உண்டு.

13 பெப்ரவரி

மற்றப் பாதி. சங்கத்தால் பயன் உண்டா என்றால், உண்டு. ஆனால் அது நடுகிற நாளில் தெரியாது. வெளியிலிருந்து வருகிறவர்கள் ஒருநாள் வருவார்கள், ஊரில் இருப்பவன் தினமும் அந்த வழியால்தான் சைக்கிளில் போகிறான். மதகு அடைத்திருப்பதும், இரவில் யாரோ கிரவல் மண் கொட்டியிருப்பதும், குப்பை ட்ரெக்டர் இந்த முறையும் வரவில்லை என்பதும் அவனுக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்ததை எழுத ஒரு கொப்பி, கேட்கப் போக ஒரு கடிதத்தலைப்பு, கையெழுத்துப் போட மூன்று பேர். எங்கள் சங்கத்தில் உருப்படியானது இவ்வளவும்தான்.

20 பெப்ரவரி

பதிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். சமூக மட்ட அமைப்பாகப் பிரதேச செயலகத்தில் பதியலாம். யாப்பு வேண்டும், பொதுக்கூட்டம் கூடி நிர்வாகத்தைத் தெரிந்ததாகக் கூட்டறிக்கை வேண்டும், கிராம உத்தியோகத்தரின் சிபாரிசு வேண்டும். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் காசு எடுக்கலாம் என்று ஆரம்பத்திலேயே வைத்துவிடுங்கள். யாப்பை இன்னொரு சங்கத்திடம் வாங்கிப் பெயரை மட்டும் மாற்றுவதுதான் ஊர் வழக்கம். மாற்றும்போது முழுதாக வாசியுங்கள். எங்கள் யாப்பில் நெடுநாளாக 'இறந்த அங்கத்தவருக்கு மலர்வளையம்' என்ற பிரிவு இருந்தது, மரணாதாரச் சங்கத்திலிருந்து வந்தது. எடுக்கலாமா என்று கூட்டத்தில் கேட்டபோது வயசாளிகள் விடவில்லை. இப்போதும் இருக்கிறது.

காசு பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். கொடையாளி காசு வரும்போது கூடவே கொடையாளியின் கால அட்டவணையும் வரும். மார்ச் மாதத்துக்குள் இத்தனை ஆயிரம் கன்று நட்டாக வேண்டும் என்பார்கள். மார்ச்சில் நட்டால் வெயிலும் கச்சான் காற்றும் சேர்ந்து கன்றைப் பதம் பார்த்துவிடும் என்று சொன்னால், திட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்பார்கள்.

2 மார்ச்

மதகுக் கதையைக் கேட்டிருக்கிறார் ஒருவர். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஊருக்குள் போகும் பாதையை உயர்த்திப் போட்டபோது குடாவின் ஒரு மூலை பாதைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. தண்ணீர் போய்வர ஒரு மதகு வைத்திருந்தார்கள். அது மெல்ல மெல்ல அடைத்துவிட்டது. அந்தப் பக்கத்தில் நின்ற கண்ணா மரங்கள் (கண்டலில் ஒரு வகை) முதலில் மேலிருந்து இலை கொட்டின, பிறகு கொப்புக் கொப்பாகக் காய்ந்தன. நிலத்திலிருந்து விரல் விரலாக எழும்பி நிற்கும் மூச்சுவேர் எல்லாம் கறுத்து, கால் வைத்தால் நொறுங்கும். மிதித்த இடத்தில் கூழ்முட்டை நாற்றம். அந்த நேரம் வந்து பார்த்த ஒரு நிறுவனம், மரம் செத்துவிட்டதே, இங்கே புதிதாக நடுவோம் என்றது. பதாகைகூட அடித்துக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் தலைவர் கடலோடி. படிப்பு கொஞ்சம், கண் நல்ல கண். 'நிற்கிற மரமே மூச்சுவிட முடியாமல் சாகுது, குழந்தைப் பிள்ளையைக் கொண்டுவந்து வைத்தால் மட்டும் இருக்குமோ?' என்று கேட்டார். நிறுவனம் கன்றை வேறு ஊருக்குக் கொண்டுபோனது, பதாகையை மறந்து விட்டுப்போனது.

மதகில் கைவைக்க எழுத்தில் அனுமதி வேண்டும், பாதை நம்முடையதல்ல. கடிதம் போய்வரவே வெகுகாலம் எடுத்தது. கடைசியில் மாரிக்கு முன்னே இறங்கினோம். ஆண்கள் அலவாங்கும் மண்வெட்டியுமாகக் குழாய்க்குள், மாதர் சங்கத்துப் பெண்கள் வெளியே தாச்சி மாற்றிக்கொண்டு. உள்ளே இருந்து வந்ததைச் சொல்லட்டுமா? உருண்டு கட்டியாகிப் போன தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலை, சொப்பின் பை என்று சொல்லத்தக்க உருவமே இல்லாத பொலித்தீன் கூழ், யோகட் கப், செருப்பு – எல்லாம் இடது கால் – ஒரு பிளாஸ்டிக் கதிரையின் முதுகு, முழுசாக ஒரு தயிர்ச் சட்டி. சட்டியை ஒரு அக்கா கழுவி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். வலைக்குள் நண்டு ஒன்று உயிரோடு மாட்டிக்கிடந்தது. தங்கூசி வலையை 2006இலேயே தடை செய்தாயிற்று. தடை நண்டுக்குத் தெரியாது, வலை விற்கிறவருக்கும் தெரியாது போலிருக்கிறது.

அடைப்பு எடுபட்ட அன்று தண்ணீர் பாய்ந்து வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை, சும்மா கசிந்தது. மாரி வெள்ளம் வந்த பிறகுதான் ஒழுங்காக ஓடத் தொடங்கியது. அந்த வெள்ளத்தோடு விதையும் உள்ளே வந்து ஒதுங்கியிருக்கிறது. இப்போது போய்ப் பார்த்தால் பழைய வேர்களுக்கு நடுவே இரண்டு தடித்த இலையோடு கண்ணாக் குஞ்சுகள், எண்ணி மாளாது. ஒன்றையும் நாங்கள் நடவில்லை. செத்த மரம் செத்ததுதான், அது திரும்பாது.

3 மார்ச்

பதாகைக்கு என்ன நடந்தது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நல்ல தடிப்பான பிளெக்ஸ். கரைவலைக்காரர் தங்கும் வாடிக்குக் கூரையாகக் கட்டியிருக்கிறோம், பசுமையான எதிர்காலம் என்ற எழுத்து உட்பக்கம் பார்த்து. எங்கள் ஊரில் இதுவரை நடப்பட்டவற்றில் நீண்ட காலம் நின்றுபிடித்தது அதுதான்.

18 மார்ச்

நிலாவெளியிலிருந்து ஒரு ஆசிரியை கோபமாக எழுதியிருக்கிறார்: நடவே கூடாது என்றால் பிள்ளைகளைக் கண்டல் பக்கம் எப்படிக் கூட்டிப்போவது? சேற்றில் இறங்கி ஒரு கன்றை வைத்த பிள்ளை பிறகு வாழ்நாளில் கண்டலை வெட்ட விடாது என்கிறார்.

இதைக் கொஞ்சம் யோசித்தேன். நடவே கூடாது என்பதல்ல என் கட்சி. கரை அரித்துத் தாய்மரமும் இல்லாமல் போன இடத்தில் விதை தானாக வந்து சேராது, அங்கே நடத்தான் வேண்டும். எந்த உயரத்தில் எந்த இனம் நிற்கிறது என்று பக்கத்துக் காட்டைப் பார்த்து, அதே மட்டத்தில் வைக்க வேண்டும். ஆடு மாடு வராமல் அடைக்க வேண்டும், நம் பக்கத்து எருமைகளுக்குக் கண்ணா இலை என்றால் உயிர். தண்டில் சிப்பியும் பாசியும் ஒட்டிக் கன்றைச் சாய்க்கும், அதைச் சுரண்டிவிட ஆள் வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் ரீச்சர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று வைக்கட்டும். ஆனால் ஒவ்வொரு தவணையும் திரும்பிப் போய் அதை அளக்கட்டும். செத்திருந்தால் ஏன் செத்தது என்று எழுதட்டும். ஆயிரம் கன்று நட்டு ஒருமுறையும் திரும்பிப் பார்க்காத வகுப்பைவிட, முப்பது நட்டு முப்பதையும் பெயர் சொல்லி விசாரிக்கிற வகுப்பு மேல். சாகும் கன்றைப் பார்த்துப் பிள்ளைகள் மனம் உடைந்துவிடுமே என்று இன்னொருவர் கவலைப்படுகிறார். உடையாது. வீட்டில் கோழிக்குஞ்சு வளர்க்கிற பிள்ளைகள் அவை.

7 ஏப்ரல்

'சின்னச் சங்கங்கள் குப்பை பொறுக்கத்தான் சரி, பெரிய திட்டத்தை நிறுத்த முடியுமா?' – இது இங்கே அடிக்கடி வருகிறது. மறுமொழியாக மூதூருக்குக் கிட்ட இருக்கும் சம்பூரைக் காட்டுகிறார்கள். சம்பூரைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வதால் எனக்குத் தெரிந்ததை வைக்கிறேன்.

2006இல் சனம் சண்டையில் இடம்பெயர்ந்து போன நிலத்தில், இந்திய அரச நிறுவனத்தோடு சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் கட்டத் திட்டம் போட்டார்கள். ஊர்ச் சனம் எதிர்த்தது, சுற்றாடல் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போனது, திருகோணமலை டவுனிலும் ஊர்வலம் நடந்தது. 2016 செப்டெம்பரில் அரசு அந்தத் திட்டத்தை முன்னெடுக்க மாட்டோம் என்று நீதிமன்றத்துக்குச் சொன்னது. இவ்வளவும் நடந்தது.

ஆனால் சங்கம் நிறுத்தியது என்று ஒரே வரியில் எழுதுவது அநியாயம். சுற்றாடல் அறிக்கையில் இருந்த ஓட்டை, நாடுகளுக்கிடையிலான பேச்சு, காலநிலை மாற்றம் பற்றி அரசு அப்போது வெளியில் கொடுத்துக்கொண்டிருந்த வாக்கு, எல்லாம் அதில் உண்டு. ஊர்ச் சனம் செய்தது என்னவென்றால், மீன் எங்கே படுகிறது, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் சாம்பல் வரும், தண்ணீரைச் சூடாக்கிக் குடாவுக்குள் விட்டால் யாருடைய வலை வெறுமையாகும் என்று வாயால் சொன்னது. அறிக்கை எழுதிக் கொடுக்கிறவருக்கு அது தெரிந்திருக்காது.

அதே சம்பூரில் இப்போது சூரிய மின் நிலையம், 120 மெகாவாட். போன சனிக்கிழமை இந்தியப் பிரதமர் வந்தபோது கொழும்பிலிருந்தபடியே கட்டுமான வேலையைத் தொடக்கி வைத்தார். நிலக்கரியைவிட நல்லதா? நிச்சயமாக. அதற்காகக் காணி யாருடையது, மேய்ச்சல் நிலம் எங்கே போகிறது என்ற கேள்வி இல்லாமல் போய்விடாது. சூரிய ஒளித் தகடு என்றதும் எல்லாரும் கும்பிடு போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. இதற்கு மேல் அரசியல் கதைத்தால் சண்டை வரும், நிறுத்துகிறேன்.

25 மே

கரைவலைக் காலம். ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு காட்சி. வலையின் மடி கரைக்கு வந்து அவிழ்க்கும்போது இந்த நாட்களில் நெத்தலியும் சூடையும் மட்டும் வருவதில்லை. பொலித்தீன் துண்டு மீனின் மேலே தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும், ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும். சின்ன நெத்தலியில் ஒட்டினதை உரித்தால் மீன் பிய்ந்துபோகும். பிய்ந்த மீனுக்குக் கருவாட்டு விலைகூடக் கிடையாது. குப்பை என்பது கடற்கரையின் அழகைக் கெடுக்கிற சாமான் என்று டவுனில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். இங்கே அது வலை இழுக்கிறவரின் பங்குக் காசிலிருந்து போகிற காசு.

முந்தி உரித்த பொலித்தீனைத் திரும்பக் கடலுக்குள்ளேயே எறிந்துவிடுவார்கள். நாளைக்கு அதே துண்டை இன்னொரு மடியில் உரிப்பார்கள். வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கதைத்து வாடியில் பழைய அரிசிச் சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டோம். அதற்கு ஆன செலவு பூச்சியம். கடற்கரைச் சுத்திகரிப்பு என்று பெயர் வைத்துச் செய்த எல்லாவற்றையும்விட இந்தச் சாக்கில்தான் அதிகம் சேர்கிறது. படம் எடுக்க ஒன்றும் இல்லை, நாறும்.

சாக்கு நிறைந்த பிறகு என்ன செய்வது என்று அடுத்து கேட்பீர்கள். அதுதான் தலைவலி. போத்தலைப் பழைய சாமான் வாங்குகிறவர் எடுப்பார். மீன் கவிச்சி பிடித்த பொலித்தீனை யாரும் எடுக்க மாட்டார்கள். குப்பை ட்ரெக்டர் வந்தால்தான் உண்டு. சுத்திகரிப்பு நாளை முடிவு செய்வதற்கு முன் ட்ரெக்டர் வரும் நாளை எழுத்தில் வாங்குங்கள். ட்ரெக்டர் வராவிட்டால் நாய் சாக்கைக் கிழிக்கும், காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். எரிக்க வேண்டாம். பெடியளுக்கு நெருப்பைக் கண்டால் கை துறுதுறுக்கும், விடாதீர்கள்.

30 மே

எந்தக் கிழமையில் கூட்டம் வைப்பது? வெள்ளி என்றால் முஸ்லிம் ஆட்கள் ஜும்மாவுக்குப் போவார்கள், கடலுக்கும் போக மாட்டார்கள், அதனால் மத்தியானத்துக்குப் பிறகு நல்ல நாள் என்று நாங்கள் நினைத்தோம். அன்றைக்குத்தான் தமிழ் ஆட்கள் வீட்டில் விரதச் சமையல், கோயில். ஞாயிறு கத்தோலிக்கருக்குப் பூசை. போயா எல்லாருக்கும் லீவு, ஆனால் சிங்கள அங்கத்தவர்கள் பன்சலைக்குப் போவார்கள். கடைசியில் சனிக்கிழமை, அஸர் (பின்னேரத் தொழுகை) முடிந்த பிறகு. கிண்ணியாக் காக்கா ஒருவர் மீன் வியாபாரி, மூன்று மொழியும் வாயில் வரும். அவர் வராத கூட்டத்தில் பாதிப் பேருக்குப் பாதி விளங்காது. கூட்டறிக்கை தமிழில்தான் எழுதுகிறோம், முடிவுகளை மட்டும் சிங்களத்தில் ஒரு தாளில் எழுதி வாடியில் ஒட்டுகிறோம். இது சின்ன விஷயம் என்று நினைத்தால் ஒரு வருஷத்தில் சங்கம் ஒரே தெருவின் சங்கமாகிவிடும்.

11 ஜூன்

நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவுப் பக்கம் கதை திரும்பிவிட்டது. வெயிலுக்குப் பூசும் சன்கிறீம்தான் பவளத்தைக் கொல்கிறது என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். சன்கிறீமும் நல்லதில்லைதான். ஆனால் அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், நீந்தத் தெரியாத ஆட்கள் களைத்ததும் எதில் கால் வைக்கிறார்கள் என்று. கொம்புப் பவளம் காலுக்குக் கீழே முறிகிற சத்தம் தண்ணீருக்குள் நன்றாகவே கேட்கும். 1963இல் சரணாலயமாக்கி 2003இல் தேசிய பூங்காவாக்கிய இடம் அது. 1998இல் கடல் சூடாகித் தெற்கிலும் மேற்கிலும் பவளம் வெளுத்துச் செத்தபோதும் நம் பக்கம் பெரும்பாலும் தப்பியது. சூட்டுக்குத் தப்பினது காலுக்குத் தப்பவில்லை என்று ஆகக் கூடாது.

படகோட்டிகள்தான் இங்கே திறவுகோல். ஆட்களைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன்னே, நிற்காதே, மிதந்துகொள் என்று சொல்ல அவர்களால்தான் முடியும். காசு கொடுத்து வந்தவனிடம் அதைச் சொல்லப் படகோட்டிக்குத் தயக்கம். படகுச் சங்கமே ஒரு முடிவாக எடுத்தால் தயக்கம் போய்விடும். இதை அவர்களிடம் சொல்லியிருக்கிறோம், இன்னும் கதை நடக்கிறது.

19 ஜூலை

மான் பற்றிய படம் போட்டவருக்கு: ஆமாம், பார்த்தேன். திருகோணமலை பிரட்ரிக் கோட்டை வாசலில் வாயிலிருந்து சொப்பின் பையின் காது தொங்கத் தொங்க மென்றுகொண்டு நிற்கும் புள்ளிமான். வயிற்றெரிச்சல். மானுக்கு மாடு மாதிரி அசைபோடும் வயிறு, பொலித்தீன் உள்ளே போனால் கரையாது, வெளியேயும் போகாது. வயிறு நிறைந்திருப்பதாக நினைத்துக்கொண்டே மெலிந்து சாகும்.

அதற்குப் பொலித்தீன் மேல் ஆசையில்லை, அதில் ஒட்டியிருக்கும் சோறு, கறி, உப்பு மேல்தான். கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலுக்கு பஸ்ஸில் வருகிறவர்கள் கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டு லஞ்ச் ஷீட்டைச் சுருட்டி வைக்கும் இடமெல்லாம் மானுக்குப் பந்தி. லஞ்ச் ஷீட்டுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை வந்தது. மூடியுள்ள குப்பைத்தொட்டி வேண்டும் என்று கேட்பது சரி. ஆனால் மான் மூடியைத் தள்ளப் பழகிவிடும், குரங்கும் கற்றுக்கொடுக்கும். சோறு ஒட்டின தாளைக் கழுவிவிட்டுப் போடுங்கள் என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறார். சிரிக்க வேண்டாம், வாசனை போனால் மான் திரும்பியும் பார்க்காது.

4 ஓகஸ்ட்

கிரவல் விஷயம் சூடாகிவிட்டதால் எழுதுகிறேன். யார், எந்தக் காணி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

கண்டலுக்குப் பின்னால் ஈரநிலம். இரவு இரவாக ட்ரெக்டரில் கிரவல் வந்து விழுகிறது. காலையில் போனால் நேற்றைவிட ஒரு அடி முன்னே நிற்கிறது. தட்டிக்கேட்கப் போய் அடிபட வேண்டாம் என்று முடிவெடுத்தோம். கைபேசியில் இடமும் திகதியும் விழும்படி படம், ஒரே இடத்தில் நின்று, ஒவ்வொரு நாளும். கரையோரச் சட்டம் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கம். உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும் தாழ்நீர் மட்டத்திலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். கடலோடு தொடுத்திருக்கும் களப்பு என்றால் எல்லை இன்னும் உள்ளே வரும். அதற்குள் நிரவுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும்.

பிரதேச செயலாளருக்குக் கடிதம், கரையோரத் திணைக்களத்துக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் பிரதி. ஒரு அலுவலகத்தில் கடிதத்தைக் கையில் வாங்கவே யோசித்தார்கள். பதிவுத் தபாலில் போட்டோம். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரே ஒரு கேள்வி: இந்தக் காணிக்கு நிரவ அனுமதி கொடுத்திருக்கிறீர்களா, கொடுத்திருந்தால் பிரதி தாருங்கள். 14 வேலை நாளுக்குள் தருவோம், அல்லது தர மாட்டோம் என்று அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும்.

5 ஓகஸ்ட்

ஏன் ஒரே கேள்வி என்று கேட்டவருக்கு: பத்துக் கேள்வி கேட்டால் ஒன்பதுக்குப் பதில் சொல்லிவிட்டு, வேண்டியதை விட்டுவிடலாம்.

9 செப்டெம்பர்

பதில் வந்தது. அனுமதி கொடுக்கவில்லை என்று ஒரு வரி. அந்த வரியைப் பிரதி எடுத்து எல்லாருக்கும் அனுப்பினோம். ட்ரெக்டர் வருவது நின்றுவிட்டது. விழுந்த கிரவல் விழுந்தபடியே கிடக்கிறது, அதை அள்ளுவதற்கு யாருக்கும் ஆணை வரவில்லை. காணிக்காரர் எங்கள் அங்கத்தவர் ஒருவரின் மச்சான், கோயில் திருவிழாவில் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. கேள்வி கேட்ட முதல் நண்பர் கவனிக்க: ஊர்ச் சங்கத்தின் விலை இது. வெளியிலிருந்து வருகிறவர் கொழும்புக்குத் திரும்பிவிடுவார், நாம் அதே கடையில் பாண் வாங்க வேண்டும். அதனால்தான் கடிதத்தில் தனியாள் பெயரே இல்லாமல், சங்கத்தின் தலைப்பில் மூன்று பேர் கையெழுத்தோடு போக வேண்டும் என்று அன்றைக்கு எழுதினேன்.

2 நவம்பர்

நேற்றிலிருந்து கடையில் காதுள்ள சொப்பின் பை சும்மா கொடுக்கக் கூடாது, விலை போட வேண்டும். முதல் நாள் நிலவரம்: பெரிய கடையில் பில்லில் விழுந்தது. எங்கள் சந்திக் கடையில் முதலாளி, 'உங்களுக்கெல்லாம் காசு வாங்குவேனா?' என்று பையைப் பெருந்தன்மையாக நீட்டினார். வேண்டாம் என்று மீனைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தேன், வழியெல்லாம் பூனை.

கிண்ணியாப் பாலத்தில் வாகனத்தை நிறுத்தாமலே குப்பைப் பையைக் கடலுக்குள் வீசுகிறவர்களுக்கு இந்தச் சட்டம் ஒன்றும் செய்யாது. பை காசு என்றால் வீசுவதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம் என்கிறார் தலைவர். அவர் எப்போதும் நல்லதையே நினைப்பார்.

12 நவம்பர்

கேள்வி கேட்ட முதல் நண்பருக்கு: செயலாளர் பதவியை ஏற்றுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோசம். கூட்டறிக்கைக்கு மாதிரி கேட்டீர்கள்: திகதி, வந்தவர் கையெழுத்து, போன கூட்டத்தில் யார் எதைச் செய்வதாக ஒத்துக்கொண்டார், செய்தாரா இல்லையா. இந்தக் கடைசிப் பகுதியை எல்லாரும் விட்டுவிடுவார்கள். நீங்கள் சத்தமாக வாசியுங்கள், இரண்டு கூட்டம் கோபிப்பார்கள், மூன்றாவதில் செய்துகொண்டு வருவார்கள்.

மாரி தொடங்கிவிட்டது. உங்கள் பக்கத்து மதகையும் இந்த மழைக்குள்ளேயே போய்ப் பாருங்கள், தண்ணீர் எந்தப் பக்கம் தேங்குகிறது என்று வெயிலில் தெரியாது. மகாவலி வெள்ளம் குடாவுக்குள் இறங்கும் இடம் என்பதால் உங்களுக்குச் சேறு எங்களைவிட அதிகம், இரண்டு மண்வெட்டி காணாது. எங்கள் அலவாங்கைக் கொண்டுபோன தம்பி யாரென்று தெரியும், சனிக்கிழமைக்கு முன்னே வாடியில் வைத்துவிடட்டும்.